செய்மதிக்குத் தெரியாத பனை நிழல்

ஆசிரியர் ஐயாவுக்கு,

நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சிறிய மிளகாய் மில் நடத்துகிறேன். போன ஆனியில் கூரைக்கு சோலார் தகடு பூட்டினோம். பூட்ட வந்தவர்கள் செய்மதித் தரவிலிருந்து வெயிலின் வருடச் சராசரி ஒன்றைக் காட்டினார்கள். கார்த்திகை, மார்கழியில் தகடு தந்த மின்சாரம் குறைந்து கிடந்ததை மீற்றரில் பார்த்து நெஞ்சு பதைத்தது.

செய்மதி வெயிலை நேரே அளப்பதில்லை. முகிலில் பட்டு மேலே திரும்பும் ஒளியைப் பார்த்து, தரைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறது. அது நல்ல கணக்குத்தான். ஆனால் நாசா இலவசமாகத் தரும் வெயில் தரவில், ஒரே அளவாகக் கணக்கிடும் ஒரு கட்டம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் அகலம். எங்கள் வயலும் கடலும் அதற்குள் ஒன்றாகிவிடும்.

அப்புறம் நிழல். ஆனியில் நடுப்பகல் வெயில் சற்று வடக்கே நிற்கும். தெற்கு வேலியோரத்து மூன்று பனைகளும் அன்று யாருக்கும் உறுத்தவில்லை. மார்கழியில் வெயில் தெற்கே சாய, அதே பனைகளின் நிழல் பதினொரு மணிக்கே தகட்டில் ஏறி நிற்கிறது. பனையைத் தறிக்க எனக்கு மனமில்லை. தகட்டைத்தான் தள்ளிப் பூட்டியிருக்க வேண்டும்.

தகடு விற்கிறவர்களே, கடன் எடுத்துப் பூட்டும் சனங்களுக்கு மாதவாரியான கணக்கைக் கொடுங்கள். வளவுக்கு வந்து மார்கழி நிழலையும் பாருங்கள். குடாநாட்டில் நாலைந்து இடங்களிலாவது தரையில் வெயில்மானி வைத்து, அளவை மாதந்தோறும் பத்திரிகையில் போட அதிகாரிகள் வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மில் உரிமையாளர்,
சுன்னாகம்.