நூறு மீட்டர்க்காரிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை கொஞ்சம் கோபம். "மூணே நிமிஷம்தான்டி ஓடினேன், அதுக்குள்ள உயிர் போயிடுச்சு. வயசாயிடுச்சு, இனிமே இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று எழுதியிருக்கிறாய். வயதானது உண்மைதான். எனக்கும் உனக்கும் ஐம்பத்து மூன்று. ஆனால் மூன்று நிமிடத்தில் உயிர் போனதற்கு வயதின் மேல் பழி போடாதே. நீ எப்படி ஓடியிருப்பாய் என்று கண்ணை மூடினாலே எனக்குத் தெரிகிறது: முஷ்டியை இறுக்கி, முழங்காலைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடின அதே ஓட்டம். அன்றைக்கு உன் செருப்பைக் கையில் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே நின்றவள் நான். அவள் இன்றைக்கு உனக்கு ஓட்டம் பற்றிப் புத்தி சொல்ல வருகிறாள், பொறுத்துக்கொள்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் முதல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துவிட்டேன். 44 நிமிடம் 5 வினாடி. உகாண்டா நாட்டு ஓட்டக்காரர் ஜோசுவா செப்டெகேய் 2020இல் மொனாக்கோவில் 5000 மீட்டரை 12 நிமிடம் 35.36 வினாடியில் ஓடினாராம். நான் ஒரு தடவை முடிப்பதற்குள் அவர் மூன்று தடவை முடித்துவிட்டு நாலாவதில் பாதி வந்திருப்பார் என்று என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரியாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை.

நான் எடுத்துக்கொண்டது பலரும் பின்பற்றுகிற 'கவுச் டு ஃபைவ் கே' திட்டம்தான், அதாவது சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை. ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் 1996இல் எழுதியது. ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை எப்படியாவது சோபாவிலிருந்து எழுப்ப வேண்டும் என்றுதான் அதைப் போட்டாராம். ஆக, நம்மை மனதில் வைத்து எழுதப்பட்ட திட்டம் என்றே வைத்துக்கொள். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரம் என்ன தெரியுமா? ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. அவ்வளவுதான். "ஒரு நிமிஷமா? இதை ஓட்டம்னு சொல்ல வெக்கமா இல்லையா" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறாவது ஒரு நிமிடம் வந்தபோது, இது ஏன் ஐம்பது வினாடியாக இருக்கக்கூடாது என்று தோன்றியது.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேகத்தைப் பற்றி. நூறு மீட்டர் என்பது கிட்டத்தட்ட மூச்சையே நம்பாமல் ஓடுவது. தசையில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதை அள்ளி வீசிவிட்டு, கோட்டைத் தாண்டின பிறகு சாவகாசமாக இரைக்கலாம். ஐந்து கிலோமீட்டரில் அந்தக் கைச்சரக்கு ஒரு நிமிடத்துக்குக்கூடக் காணாது. மற்றதெல்லாம் ஓட ஓட இழுக்கிற காற்றிலிருந்து வந்தாக வேண்டும். சாலை ஓட்டங்களிலேயே இதுதான் சின்னது என்று நாம் பேசிக்கொண்டாலும், தடகளக் கணக்கில் 5000 மீட்டர் நெடுந்தூர ஓட்டத்தில் சேர்த்தி. நானூறு மீட்டர் மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று. நீ முதல் சுற்றின் முதல் கால்வாசியிலேயே தங்கம் வாங்கப் பார்த்திருக்கிறாய்.

அப்படியானால் எந்த வேகம்? பேச முடிகிற வேகம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை நடுவில் முறியாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம், ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம், அதனால் பேச்சுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தனியாக ஓடுகிற நாட்களில் நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வேன். ஏழு பதினாறில் நின்றுவிடும். அது மூச்சுத் திணறலா, கணக்குத் திணறலா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

இந்த வேகம் கூச்சமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், நான் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் நடந்தே என்னைத் தாண்டிப் போனார். கையை வீசிக்கூட நடக்கவில்லை, பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எதிரே யாராவது வந்தால் நான் சட்டென்று நின்று, ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்வேன். ஒரு காலை நேரத்தில் நாலு தடவை நாடா அவிழ்கிற ஷூவை எவளும் வைத்திருக்க மாட்டாள் என்று எங்கள் குழுவில் ஒருத்தி பிடித்துவிட்டாள்.

அப்போதுதான் பில் பவர்மன் கதை எனக்குத் தெரியவந்தது. ஓரிகான் பல்கலைக்கழகத்தில் பெரிய பெரிய ஓட்டக்காரர்களை உருவாக்கிய பயிற்சியாளர், பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1962இல் நியூசிலாந்து போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் சாதாரண ஜனங்களைக் கூட்டி வைத்து மெதுவோட்டம் ஓடவைத்துக்கொண்டிருந்தார். பவர்மனையும் வரச் சொன்னார். ஐம்பதைத் தாண்டிய பவர்மன் சும்மா ஒரு சின்ன ஓட்டம்தானே என்று கிளம்பினார். மேடு வந்ததும் கூட்டம் போய்விட்டது, இவர் பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், ஏற்கெனவே மாரடைப்பு வந்து பிழைத்தவர், இவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓடினாராம். உலகத்துக்கே ஓட்டம் கற்றுக்கொடுத்த மனிதருக்கு அந்த நிலை. ஊருக்குத் திரும்பினதும் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டி அதே மெதுவோட்டத்தை ஆரம்பித்துவிட்டார். பெரிய பந்தயக்காரர்கள்தான் முதலில் மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது போல. நான் எந்தக் காலத்திலும் வேகமாக ஓடினதில்லை, எனக்கு இழக்க ஒன்றுமில்லை. உனக்கு அந்த விளையாட்டு விழாக் கோப்பை இருக்கிறதே, அது கனக்கும்.

ஆனால் நான் மட்டும் ஒழுங்காக இருந்தேன் என்று நினைத்துவிடாதே. நாலாவது வாரத்தில் எனக்குத் திமிர் ஏறிவிட்டது. இரைப்பு குறைந்துவிட்டது, உடம்பு லேசாக இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் போதுமென்று அட்டவணை சொல்ல, நான் தொடர்ந்து ஐந்து நாள் ஓடினேன். ஆறாம் நாள் காலை மாடிப்படி இறங்கும்போது முன்னங்காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்பக்க எலும்பை ஒட்டிச் சுள்ளென்று பிடித்தது. தொட்டாலே வலி. மருத்துவரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பில் விரிசல் இல்லை, எலும்பை ஒட்டின பகுதி தாங்கவில்லை, இரண்டு வாரம் ஓடக்கூடாது என்றார். அவர் சொன்ன விளக்கம் எனக்கு மறக்கவே இல்லை. நுரையீரலும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் வேண்டும். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிற விதமே விசித்திரம்: முதலில் பழையதைக் கரைத்து எடுக்கும், அப்புறம்தான் புதிதை நிரப்பும். கரைப்பது சீக்கிரம் நடந்துவிடும், நிரப்புவதுதான் நெடுநாள் வேலை. பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புது ஓடு வேய்கிற வீட்டைப் போல. நடுவில் சில நாள் கூரையே இருக்காது, அந்த நேரம் பார்த்து நான் கூரைமேல் குதித்திருக்கிறேன். மூச்சு வாங்கவில்லை, அதனால் நான் தயார் என்று நினைத்ததுதான் என் தப்பு. ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பதிமூன்று வாரமானது இப்படித்தான்.

அதனால் வலியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். ஓடின மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு தொடையும் கெண்டைக்காலும் ஒரேபோல விண்ணென்று இருந்தால் பயப்படாதே, அது தானாகப் போகும். ஒரே காலில், ஒரு விரல் வைத்து இதுதான் இடம் என்று காட்ட முடிகிற வலி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்து, தாமதிக்காமல் மருத்துவ உதவி தேடு. உனக்கு ரத்த அழுத்தம் இருப்பது எனக்குத் தெரியும், ஆரம்பிக்கும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடு. கேட்காமல் மூன்று நிமிடம் பாய்ந்திருக்கிறாய், அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

ஐந்தாம் வாரம் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் அட்டவணையைப் பார்த்து ஓடிப்போய்விடுவாய். முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று முறை. இரண்டாம் நாள் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு முறை. மூன்றாம் நாள் திடீரென்று இருபது நிமிடம், நடுவில் நடையே கிடையாது. அச்சுப்பிழை என்றுதான் நான் நினைத்தேன். அன்றைக்கு ஆறு பேரும் பேசாமல் ஓடினோம், பேசினால் மூச்சு போய்விடும் என்ற பயத்தில். பன்னிரண்டாவது நிமிடத்துக்கு மேல் ஏதோ சரியாகிவிட்டது. காலும் மூச்சும் தாங்களாகவே ஒரு தாளத்துக்கு வந்துவிட்டன. இருபது முடிந்ததும் எங்களில் மிகவும் அமைதியானவள், வாயைத் திறந்தால் அதிசயம் என்கிற ரகம், "இன்னொரு நிமிஷம் ஓடலாமா" என்றாள். அவளை எல்லோரும் முறைத்தோம். ஓடினோம்.

மூச்சைப் பற்றிக் கேட்டிருந்தாயே. மூக்கால் மட்டும்தான் மூச்சுவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடு. வாயாலும் மூக்காலும் எப்படி வருகிறதோ அப்படி. ஷூ வாங்குவதைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் ஓடாதே, ஷூவை விட அதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்துக் கனத்து உராயும். பந்தய நாளன்று எதையும் புதிதாகப் போடாதே.

பந்தய நாள்! இவ்வளவு பாடம் படித்தவள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊதல் ஊதினதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்தேன். யாரையும் முந்த வேண்டுமென்று இல்லை, சுற்றிலும் அத்தனை பேர் ஓடும்போது கால் தானாகப் போகிறது. முதல் கிலோமீட்டர் ஏழே கால் நிமிடம். பயிற்சியில் ஒருநாளும் ஒன்பதுக்குக் குறைந்ததில்லை. பெருமை ஒரு நிமிடம் இருந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் விலாவில் குத்தல். மூன்றாவதில் நடந்தேன், வாய்விட்டுச் சொல்கிறேன், ஒப்புக்கு இல்லாமல் நன்றாகவே நடந்தேன். அப்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன், மூன்று நிமிடத்தில் உயிர் போனவளை. வாய்ப்பாட்டை எடுத்தேன். ஓர் பதினாறு பதினாறு. நாலாவது கிலோமீட்டர் வாய்ப்பாட்டிலேயே போனது. கடைசி நூறு மீட்டரில் ஒரு சின்னப் பையன், ஏழெட்டு வயது இருக்கும், என் பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, ரேஸ் விடலாமா?" என்றான். விட்டேன். தோற்றேன்.

எனக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த அம்மாவுக்குத்தான் கைதட்டல் அதிகம். கடைசியில் வந்துவிடுவேனோ என்று நீ பயந்து எழுதியிருந்தாயே, அதனால் சொல்கிறேன். இன்னொன்று: நேரத்தை எண்ணுகிற சிப் நீ கோட்டைத் தாண்டும்போதுதான் எண்ணத் தொடங்கும், ஊதல் ஊதும்போது இல்லை. ஆகவே பின்னாலேயே நில், முந்தியடிக்கிறவர்களை விட்டுவிடு.

நாளைக்கே ஆரம்பி. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். முதல் நாள் முடிந்ததும் எனக்கு எழுது, எத்தனை தடவை நாடா கட்டினாய் என்பதையும் சேர்த்து.

இந்தக் கடிதத்தோடு நாலு ஊக்கு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என் நம்பர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவை. ஒன்று லேசாக வளைந்திருக்கிறது. அதைக் கீழ்ப்பக்கம் குத்திக்கொள், வெளியே தெரியாது.

உன் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள்