எதிர்வீட்டு ஆரஞ்சுக் கொடி

அன்புள்ள சண்முகம்,

நாங்கள் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் தம்பி வாட்ஸப்பில் சொன்னான். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. பேப்பர், சதுரங்கம் எல்லாம் கொஞ்ச நாள் கிடக்கட்டும். இதைக்கூடப் பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்.

ஹன்ட்ஸ்வில்லில், மகன் வீட்டில் இருக்கிறோம். அலபாமா மாநிலத்தின் வடகோடி. நாசாவின் ராக்கெட் ஊர். சனிக்கிழமை எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தாய். ஃபுட்பால்தான். நம் கால்பந்து இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி விழுவார்களே, அது. அதிலும் கல்லூரி ஆட்டம் என்றால் இங்கே ஊர்த் தேர் மாதிரி. மளிகைக் கடையில் பில் போடும் பெண்கூட அலபாமா அணியின் 'ரோல் டைட்' கோஷத்தைச் சொல்லித்தான் அனுப்புகிறாள். தெரு முழுக்க அந்த அணியின் கருஞ்சிவப்புக் கொடி. எதிர்வீட்டில் மட்டும் ஆரஞ்சு. அது பக்கத்து மாநிலமான டென்னஸியின் பல்கலைக்கழக அணி நிறம்.

எதிர்வீட்டுக்காரர் கறுப்பினத்தவர், நம்மைவிட இரண்டொரு வயது மூத்தவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஏன் எதிரணிக் கொடியைக் கட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேவிட்டேன். "காண்ட்ரெட்ஜ் ஹாலோவே" என்று ஒரு பெயரைச் சொன்னார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஹாலோவே இந்த ஊர் லீ உயர்நிலைப் பள்ளியில் படித்த பையன். குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று களத்தில் முடிவெடுப்பவன் அவன்தான். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கறுப்பின மாணவர்களை அணியில் எடுத்ததே 1960களின் பிற்பகுதியில்தான். எடுத்த பிறகும் ஓடு, பிடி, தடு என்ற வேலைகளைத் தந்தார்களே தவிர, முடிவெடுக்கும் இடத்தைத் தரவில்லை. அலபாமாவின் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் பையனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: கறுப்பின குவார்ட்டர்பேக்குக்கு அலபாமா இன்னும் தயாராகவில்லை.

இதே பையனை 1971இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணி, புது வீரர்களை எடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே, நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. வயது பதினேழு, பெற்றவர் கையெழுத்து வேண்டும். அம்மா டோரதி போடமாட்டேன் என்றுவிட்டார். இந்த ஊரில் இருக்கும் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தில் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த கறுப்பினத்தவர்களில் ஒருவர் அவர். முதலில் கல்லூரி, மற்றதெல்லாம் பிறகு என்பது அவர் கட்சி. ஆகவே பையன் டென்னஸிக்குப் போனான். 1972இல் அலபாமா, டென்னஸி போன்ற தெற்குப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனான்.

எதிர்வீட்டுக்காரரின் அப்பா அதுவரை அலபாமா ஆட்டத்தைத்தான் ரேடியோவில் கேட்பாராம். அந்த வருஷம் ஸ்டேஷனை மாற்றினார். வேடிக்கை என்னவென்றால், ஹாலோவே ஆடிய மூன்று வருஷமும் டென்னஸி அலபாமாவிடம் தோற்றது. அப்பா மட்டும் ஸ்டேஷனைத் திரும்ப மாற்றவே இல்லை.

இங்கே டிவியில் அடிக்கடி சொல்லும் கதை வேறு. 1970இல் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்கு வந்த தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியில் சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின இளைஞர் 135 யார்டு ஓடி, 42-21 என்று அலபாமாவைத் தோற்கடித்தார், அன்றைக்கே அலபாமாவின் மனம் மாறியது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அணியில் கறுப்பினத்தவரை எடுப்பதில்லையென்று முந்தைய வருஷமே அலபாமாவின் கறுப்பின மாணவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர் ஏற்கனவே அலபாமாவில் சேர்ந்தும் இருந்தார். முதலாண்டு மாணவர் அப்போது பெரிய அணியில் ஆடக் கூடாதென்பதால் அன்று பார்வையாளர் பக்கம் இருந்தார், அவ்வளவுதான். தோற்ற பயிற்சியாளரையும் நல்லவராக்கி முடிக்கும் கதை, சீக்கிரம் பரவிவிடுகிறது.

எனக்கு இதில் அம்மாக்கள்தான் மனதில் நிற்கிறார்கள். 1963இல் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் டாரில் ஹில், தெற்கிலுள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆடப் போனபோது, அவர் அம்மாவை மைதானத்துக்குள் விடவில்லை. மகன் உள்ளே ஆடலாம், பெற்றவள் உட்கார்ந்து பார்க்கக் கூடாது! கடைசியில் கிளெம்சன் பல்கலைக்கழகத் தலைவரே அவரைத் தன் இருக்கைப் பகுதிக்கு அழைத்துப் போனாராம். ஹில் அன்று பத்துப் பந்து பிடித்தார். அதைவிட அந்த வாசலில் அம்மா நின்ற நேரத்தைத்தான் நான் யோசிக்கிறேன்.

கதவு திறந்ததில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு இழப்பும் உண்டு. ஜான் ஸ்டால்வொர்த் பிறந்தது அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவிலேயே. ஆனால் அவர் ஆடியது இங்கே ஹன்ட்ஸ்வில்லின் கறுப்பினக் கல்லூரியான அலபாமா ஏ அண்ட் எம்மில். பிறகு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஆடி, நாட்டின் பெரிய இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றார். இன்றைக்கு அப்படியொரு பையனைப் பெரிய பல்கலைக்கழகங்கள் பள்ளியிலேயே வந்து கொத்திக்கொண்டு போய்விடும். எதிர்வீட்டுக்காரரின் அண்ணன் ஏ அண்ட் எம்மில் படித்தவர். அவருக்கு இதில் ஆறாத வருத்தம்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. எதிர்வீட்டுப் பேத்தி இப்போது டஸ்கலூசாவில் படிக்கிறாள். 1963இல் கறுப்பின மாணவர்களை விடமாட்டேன் என்று கவர்னர் வாலஸ் வாசலை மறித்து நின்ற அதே பல்கலைக்கழகம். அலபாமாவும் டென்னஸியும் மோதும் அக்டோபர் ஆட்டத்துக்குக் கருஞ்சிவப்பு ஜெர்ஸியோடு வீட்டுக்கு வந்தாள். தாத்தா ஆரஞ்சுத் தொப்பியோடு சோஃபாவின் ஒரு மூலையில், அவள் மறு மூலையில். "ஜேலன் ஹர்ட்ஸ், பிரைஸ் யங் எல்லாம் எங்கள் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள்தானே தாத்தா, இன்னும் என்ன கோபம்?" என்றாள். "உனக்கு அவர்கள் இருக்கிறார்கள். என் அப்பாவுக்கு யார் இருந்தார்கள்?" என்றார் அவர். பாட்டி இருவருக்கும் கோழி வறுவல் தட்டை நீட்டி வாயை அடைத்தார்.

இந்த ஆட்டத்தில் ஜெயித்த பக்கம் சுருட்டுப் பிடிப்பது வழக்கம். தொடர்ந்து பதினைந்து வருஷத் தோல்விக்குப் பிறகு, 2022இல் டென்னஸி 52-49 என்று ஜெயித்த அன்று, எதிர்வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதை மீறி வாசலில் உட்கார்ந்து ஒன்று பற்றவைத்தாராம். பாட்டி இன்னும் அதற்குத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

என் பேரன் கருஞ்சிவப்புக் கட்சி. நான் வெளியில் சொல்வதில்லை, ஆனால் மனசுக்குள் ஆரஞ்சுதான்.

சரி, டிசம்பர் நடுவில் ஊருக்குக் கிளம்புகிறோம். உனக்கு இங்கிருந்து ஸ்வெட்டர் வேண்டுமென்றாயே, அளவை எழுது. தங்கைக்கும் வேண்டுமானால் சேர்த்துச் சொல்.

உன்,
கோபால்