சனிக்கிழமை துக்கத்துக்குப் போகும் முன்

அன்புள்ள கயலுக்கு,

தோழியின் பாட்டி தவறிவிட்டார், சனிக்கிழமை சடங்கு, நான் போனால் சரியாக இருக்குமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. ஹவாயின் ஹொனலுலுவில் துக்கம் கேட்க வருகிறவரை வெளியாளாகப் பார்ப்பதில்லை. வெறுங்கையோடு மட்டும் போகாதே. பூமாலை ஒன்று, பணம் வைத்த அட்டை ஒன்று, இரண்டும் வேண்டும்.

முதலில் அறிவிப்பை நன்றாகப் படி. வருகை நேரமும் ஆராதனை நேரமும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். வருகை நேரத்திலேயே போய்விடு. குடும்பத்தாரிடம் இரண்டு வார்த்தை பேச அதுதான் சமயம். அணைத்துக் கன்னத்தோடு கன்னம் வைப்பது அங்கே வழக்கம், நீ கைகூப்பி விலகி நிற்காதே. 'அலோஹா உடை' என்று அச்சிட்டிருந்தால் பூப்போட்ட சட்டையே சரி. கறுப்பு கட்டாயமில்லை, கண்ணைப் பறிக்காத நிறமாக இருந்தால் போதும். 'மலர் வேண்டாம்' என்று இருந்தால் மாலையை விட்டுவிடு.

மாலையை அங்கே லேய் என்பார்கள். சைனாடவுனில் மௌனாகேயா தெருவில் லேய் கடைகள் உண்டு. பிகாகே என்று விற்பது நம் குண்டுமல்லிதான். எருக்கம்பூ லேயும் கிடைக்கும். எருக்கா என்று தயங்காதே, ஹவாயின் கடைசி ராணி லிலியுவோகலானி விரும்பிய பூ அது. புளுமேரியாவில் விரல் அழுந்திய இடமெல்லாம் பழுப்பாகிவிடும், அதனால் அன்று காலையில்தான் வாங்க வேண்டும். ஆர்க்கிட் என்றால் முந்தின நாளே வாங்கலாம். தாழம்பழச் சுளைகளைக் கோத்த ஹாலா லேயைச் சிலர் நல்ல காரியங்களுக்குத் தவிர்ப்பார்கள். ஒரு முடிவைக் குறிப்பது என்பதால் துக்கத்துக்குப் பொருந்தும்.

சவப்பெட்டி மேல் வைப்பதானால் மைலே இலை லேய் போல இரு முனையும் திறந்தது நல்லது, நீளமாகக் கிடத்தலாம். படத்துக்கு என்றால் முடிச்சிட்ட வட்ட லேய். ஏற்கனவே கிடக்கும் மாலைகளை விலக்கி உன்னுடையதைத் திணிக்காதே, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால் அவர்களே வைப்பார்கள். குடும்பத்தில் கர்ப்பிணி இருந்தால் அவர் கழுத்தில் வட்ட லேய் போடக் கூடாது. தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிவிடும் என்று நம்புகிறார்கள். உனக்கு யாராவது அணிவித்தால் அவர்கள் எதிரில் கழற்றாதே. வாடிய பிறகும் குப்பைத் தொட்டியில் போடாமல் நூலை அறுத்து உருவிவிட்டுப் பூவை மண்ணில் உதிர்த்துவிடு. கடலில் விடுவதானாலும் நூல் கூடாது, ஆமைகளின் வயிற்றுக்குள் போய்விடும்.

பணக் கவருக்குக் கோடென் என்று பெயர். கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த ஜப்பானியர் கொண்டுவந்த வழக்கம், இன்று எல்லா இனத்தாரும் செய்கிறார்கள். தோழியின் பாட்டிக்கு 20 டாலர் போதும். நம் மொய்க் கணக்கில் ஒன்று சேர்த்து 21 வைக்காதே, அது மங்கல காரியத்துக்கு. காசோலை என்றால் இறந்தவர் பெயரில் எழுதாதே, வங்கியில் மாற்ற அவர்கள் அலைய வேண்டியிருக்கும். கவரின் மேல் பெயரும் முழு முகவரியும் தெளிவாக எழுது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று குறித்துவைத்துப் பிறகு ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் அனுப்புவார்கள். முகவரி இல்லாத கவர் அவர்களுக்குத் தீராத கடனாக உறுத்தும். அந்தக் கடிதத்தோடு அஞ்சல் தலைகளும் இருந்தால் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்.

பூர்வ ஹவாய்க் குடும்பம் என்றால் இன்னும் சில முறைகளைப் பார்ப்பாய். ஊவே ஹேலு என்பது நம் ஒப்பாரி போல, இறந்தவரோடு போன இடங்களையும் சேர்ந்து செய்த வேலைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவது. கனிகாவ் என்ற இரங்கற்பாடலில் அவர் வாழ்ந்த ஊரின் காற்றும் மழையும் தனிப் பெயர்களோடு வரும். 19ஆம் நூற்றாண்டு ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் இவற்றை ஏராளமாக அச்சிட்டன. இதையெல்லாம் தயவுசெய்து கைபேசியில் பதிவு செய்யாதே. உப்புநீரில் மஞ்சள் கலந்து, கீ செடி இலையால் தெளித்துத் தீட்டு கழிப்பதும் உண்டு. உன் மேல் தெளித்தால் தலை குனிந்து ஏற்றுக்கொள்.

"எப்போது எரிப்பார்கள்?" என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்டுவிடாதே. எலும்பில்தான் மனிதரின் ஆற்றல் தங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதை எரிப்பது பழைய நாளில் பெரும் அவமதிப்பு. 1819இல் இறந்த ஹவாய் அரசர் முதலாம் கமேஹமேஹாவின் எலும்புகளை ஒளித்துவைத்த இடம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. மௌயித் தீவின் ஹோனோகஹுவாவில் ஹோட்டல் கட்டத் தோண்டி நூற்றுக்கணக்கான புதைப்புகளைக் கிளறியதில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஹோட்டல் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது, புதைகுழிகளைக் காக்க 1990இல் சட்டமும் வந்தது. இப்போது தகனம் செய்யும் குடும்பங்களும் நிறைய இருக்கின்றன, ஆனால் அது அவர்களாகச் சொன்னால் நீ கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னால் இரு, கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள். ஓராண்டு நிறைவில் அஹாஆயினா வாய்மாகா என்று ஒரு விருந்து நடத்துவதும் உண்டு. கூட அழுதவர்களை அழைத்து, பாட்டும் ஹுலா நடனமுமாகச் சிரித்துப் பேசி இறந்தவரை நினைப்பார்கள். அதற்கு உன்னையும் கூப்பிட்டால் விடுப்பு எடுத்தாவது போ, கண்ணு.

அன்புடன்,
அம்மா