பொன்னாடைக்குப் பதில் புத்தகம் வாங்கும் 39 பேருக்கு

தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ராஜபாளையத்துக்காரி. மாவட்டம் விருதுநகர், நாடாளுமன்றத் தொகுதி தென்காசி. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், வீடு அடங்கிய பிறகு எழுதுகிறேன். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்காரக் குடும்பத்தை வைத்து நாவல் எழுதி, நானே அச்சடித்து, நானே விற்கிறேன். அப்படி விற்கிறவர்களை அழுத்தும் தபால் செலவையும் தாள், மின்னூல் வரியையும் பற்றித்தான் இந்த மடல்.

ஏன் பதிப்பகத்துக்குக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஓரிடத்தில் இரண்டு வருடம் பதிலே இல்லை. இன்னோரிடத்தில், "பணம் நீங்க போட்டுருங்கம்மா, பேரு எங்களோடது" என்றார்கள். பணம் என்னுடையது என்றால் பேரும் என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

உங்களுக்கும் எனக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. 2024 மார்ச்சில் 300 பிரதிக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முன்பணம் கட்டினேன். "எலக்‌ஷன் முடியட்டும்கா" என்றார் முதலாளி. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு வரைக்கும் உங்கள் துண்டறிக்கைகளுக்குப் பின்னால் என் நாவல் வரிசையில் நின்றது. பிரூஃப் பார்க்கப் போகிற நாட்களில் மேசையில் கிடந்த அந்த நோட்டீஸ்களை எடுத்துப் படிப்பேன். எந்தக் கட்சியானாலும் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது. என் புத்தகத்திலும் அதே போல ஒரு வரி. வெளியிட்டவர் என்ற இடத்தில் என் வீட்டுக் கதவு எண்.

அரசாங்கம் என்னைப் பதிப்பாளராக ஏற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பித்தால் டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் முகமை காசு வாங்காமல் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே வாங்கிக்கொள்ளலாம். அந்த எண் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்குக் கடை கிடையாது. கடைக்குக் கொடுத்தால் கமிஷன் போக அச்சுக்கூலிதான் மிஞ்சும், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. எங்கள் கடை தபால்பெட்டிதான். வாசகர் ஜிபேயில் 220 ரூபாய் போடுவார், நான் பழைய காலண்டர் அட்டை வைத்துச் சுற்றி, முகவரி எழுதி, பதிவு புத்தக அஞ்சலில் அனுப்புவேன். ஒரு கிலோ 32 ரூபாய், ஐந்து கிலோ கட்டு 80 ரூபாய் என்றிருந்த சேவை அது. 2024 டிசம்பர் 18-ஆம் தேதி அதை எடுத்துவிட்டார்கள். புத்தகக் காட்சிகள் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்.

அப்புறம் பதிவு அஞ்சலையும் விரைவு அஞ்சலோடு சேர்த்தாகிவிட்டது. என் நாவல் 240 பக்கம், டெம்மி அளவு, அட்டையும் உறையும் சேர்ந்தால் 300 கிராமைக் கொஞ்சம் தாண்டும். விரைவு அஞ்சலில் வெளியூருக்கு அனுப்ப, வரியோடு 80 ரூபாய்க்கு மேல் ஆகிறது. புத்தகம் ஒன்றுக்கு எனக்கு அடக்கம் 95 ரூபாய். அச்சடிக்கிற செலவும் அனுப்புகிற செலவும் கிட்டத்தட்ட ஒன்று என்றால், எந்த வாசகரிடம் "தபால் செலவு தனி" என்று கூசாமல் கேட்பது?

மாற்று ஏற்பாடு இருக்கிறதே என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். இருக்கிறது. 2025 மே 1 முதல் புத்தகம் அனுப்ப ஞான போஸ்ட் என்று ஓர் அஞ்சல் சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நல்ல கட்டணம். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கு உண்டு. வணிக நோக்கமுள்ள வெளியீடுகளுக்கும் பருவ இதழ்களுக்கும் கிடையாது. இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. தறிக்காரர் வீட்டுக் கதை சமூகமா, வணிகமா? பின்னட்டையில் விலை போட்டிருப்பதால் வணிகமா? திருவாசகத்துக்கும்தான் விலை போடுகிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் நாவலைப் படித்துப் பார்த்துவிட்டா முடிவு செய்வார்? பாவம், அவருக்கு ஏன் இந்த விமர்சகர் வேலை?

தாள் கதை இன்னும் வேடிக்கை. அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, மகிழ்ச்சி. ஆனால் அது அச்சாகும் தாளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. புத்தகத்துக்கு வரி இல்லாததால் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அதே நாளில் பள்ளி நோட்டுகளுக்கான தாளுக்கு வரியை எடுத்துவிட்டார்கள். டியூஷன் டீச்சராக அதற்குக் கை தட்டினேன். எழுதாத தாளுக்கு வரி இல்லை, எழுதி முடித்து அச்சுக்குப் போனால் தாளுக்கு 18 சதவீதம்.

சரி, தாளே வேண்டாம், மின்னூலாகப் போடு என்றாள் என் தோழி. அவள் தன் கதைகளை மின்னூலாக மட்டும்தான் வெளியிட்டிருக்கிறாள். அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 5 சதவீதம், அச்சுக்கே போகாத மின்னூலுக்கு 18 என்பது 2018-லிருந்து விதி. அச்சடிக்கக் காசில்லாதவளுக்குத்தான் கூடுதல் வரி.

வரியை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றத்தில் நாங்கள் உட்காரவில்லையே என்பீர்கள். தெரியும், அங்கே மாநில நிதியமைச்சர் உட்காருகிறார், அவர் உங்களுக்குத் தூரத்து மனிதர் இல்லை. தபால் முழுக்க மத்திய அரசு விவகாரம், கேள்வி நேரம் உங்களுடையது. நான் கேட்பது மானியமோ விருதோ இல்லை. எடையைப் பார்த்துக் கட்டணம் வாங்குங்கள், உள்ளே இருப்பது புத்தகமா என்று மட்டும் பாருங்கள். யார் வெளியிட்டது, எதைப் பற்றியது, விலை போட்டிருக்கிறதா என்ற கேள்வியெல்லாம் வேண்டாம். மின்னூல் என்றால் மின்னூல், ஒரே வரி.

பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று மு.க. ஸ்டாலின் கேட்டுக்கொண்டதிலிருந்து உங்களில் பலர் வீட்டில் புத்தகம் குவிந்திருக்கும். அதில் எத்தனை எங்களைப் போன்றவர்கள் சொந்தமாகப் போட்டவை என்று ஒருநாள் புரட்டிப் பாருங்கள். உள்பக்கத்தில் பதிப்பக முகவரிக்குப் பதில் தெருப் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தால் அது நாங்கள்.

இந்த மடலோடு 39 பேருக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப ஆசைப்பட்டேன். தபால் கணக்கு மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது, மூன்று பிள்ளைகளின் டியூஷன் காசு. அதனால் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வரும்போது சொல்லி அனுப்புங்கள். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, 300 கிராமுக்கு யாரும் லக்கேஜும் போட மாட்டார்கள்.