அரைப்பேர்

அன்பின் குடைக்கு,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ அனுப்பிய இரண்டு கடிதங்களும் மேசை லாச்சியில்தான் கிடக்கின்றன. பேனா எடுக்க லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் உன் கையெழுத்து முறைத்துப் பார்க்கிறது. திட்டுவதென்றால் ஒரு தடவை நன்றாகத் திட்டிவிட்டு மேலே படி. அம்மா சுகம். அம்மாச்சிக்கு முழங்கால் வலி, இந்த ஆடி மழைக்குக் கூடிப்போயிருக்கிறது. கங்காணித் தாத்தா அதே கதையைத்தான் சொல்கிறார், இப்போது அதில் யானை இரண்டாகிவிட்டது. மட்டக்களப்பு வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறுதி வருடம் வந்தால் பயிற்சிக்கு இடம் தேட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? போன மாதம் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு என் போர்ட்ஃபோலியோவை எடுத்துக்கொண்டு போனேன். 14 வேலைகள். மூன்று மாதம் இரவு இரவாக இருந்து செய்தவை. பார்த்த அக்கா முதலில் ஒரு பக்கத்தில்கூட நிற்கவில்லை. கோப்பிக் கடை லோகோ, இன்னொரு கோப்பிக் கடை, சவர்க்காரம், தேயிலைப் பக்கெட் என்று தள்ளிக்கொண்டே போனார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “இதில் எந்தக் கடை உண்மையிலேயே இருக்கிறது?”

அதுவரை பார்த்ததில் ஒன்றும் இல்லை. எல்லாம் வகுப்புக்காக நானே கற்பனை செய்த கடைகள். தேயிலைப் பக்கெட்டில் சிங்க இலச்சினையை வேறு போட்டு வைத்திருந்தேன். அது தேயிலைச் சபைக்குச் சொந்தமானது, இங்கேயே பொதி செய்த சுத்தமான இலங்கைத் தேயிலைக்குத்தான் அனுமதி வாங்கிப் போடலாம், இல்லாத கம்பனிக்கு எப்படிப் போட்டாய் என்றார். தோட்டத்தில் பிறந்த எனக்கு இதை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியிருந்ததே என்று முகம் சுருங்கிப்போனது.

அவர் நின்று பார்த்தது கடைசிப் பக்கத்தை மட்டும். அது எங்கள் சித்தியின் கொத்தமல்லித்தூள் லேபல்.

அந்தக் கதை உனக்குத் தெரியாது. சித்தி இப்போது மிளகாய்த்தூளும் கொத்தமல்லித்தூளும் அரைத்து ஹட்டனில் விற்கிறாள். லேபல் செய்து தரச் சொன்னாள். மூன்று மொழியிலும் போட வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் பிரச்சினை புரிந்தது. சிங்களத்தில் ‘மிரிஸ் குடு’ என்று இரண்டு சின்னச் சொல், இரண்டு வரியில் அடங்கிவிடும். தமிழில் ‘மிளகாய்த்தூள்’ ஏழு எழுத்து, ஒரே சொல், நடுவில் வெட்ட முடியாது. பக்கெட்டின் அகலமோ மூன்று அங்குலம். எல்லோரும் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று கடைகளில் போய்ப் பார்த்தேன். தமிழைச் சின்னதாக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பக்கெட்டுக்குப் பக்கெட் அதே கதை.

நான் தமிழை வைத்துத் தொடங்கினேன். அகலம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டு மொழிகளையும் அந்தக் கனத்துக்கு ஏற்றபடி அமைத்தேன். ஆங்கிலத்தில் பத்துப் புள்ளி (பொயின்ட்) அளவு எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி வரி இடைவெளி போதும். தமிழுக்கு அப்படி விட்டால் மேல் வரியின் ‘தூ’வும் கீழ் வரியின் ‘மி’யும் முட்டிக்கொள்ளும். பதினைந்து கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டது. கட்டமரான் என்ற எழுத்துருவைப் பயன்படுத்தினேன். பிரியா ரவிச்சந்திரன் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே வரைந்தது, மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது கனங்கள், இலவசம். கட்டுமரம் என்ற நம் சொல்தான் அதற்குப் பெயர். அதைத் திரையில் பெரிதாக்கி ‘ழ’வின் அடி வளைவை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? பேனாவைத் தூக்காமல் ஒரே இழுப்பில் எழுதினது போல.

அச்சகத்துக்கு அனுப்பினேன். 500 லேபல் வந்தது. ‘கொத்தமல்லித்தூள்’ உடைந்திருந்தது. கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தனியாக நிற்கிறது. ‘தூ’வின் சுழி கழன்று பக்கத்தில் கிடக்கிறது. அச்சகத்தில் கேட்டால் “உங்கள் ஃபைலில்தான் பிழை” என்றார்கள். உண்மையில் இரண்டு பக்கமும் பிழை. யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் பதிவாகும், அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அடோபி மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் அது அந்த வேலையைச் செய்யாது. என் கணினியில் சரியாக இருந்ததை அவர்கள் வேறொன்றில் திறந்து எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி அனுப்பியிருந்தால் யாராலும் உடைத்திருக்க முடியாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ் வேறு கணினிக்குப் போனதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிடுமே, உங்கள் அக்கா கலியாணத்தில் பட்டோமே, அதே கூத்து.

ஆனால் என் நெஞ்சை அடைத்தது அச்சகம் இல்லையடி. சித்தி காசை வீணாக்க முடியாமல் அந்த 500ஐயும் ஒட்டி விற்றாள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் நம் சனம், தமிழ் வாசிக்கிற சனம். உடைந்த தமிழைப் பார்த்துப் பார்த்து, அது அப்படித்தான் இருக்கும் என்று நமக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில், பலகையில், மருந்துச் சீட்டில் எல்லாம் அப்படியே. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த உடைந்த லேபலையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, என்ன நடந்தது என்று கீழே எழுதியிருந்தேன். பக்கம் நிரப்பத்தான் வைத்தேன். அந்த அக்கா அதைத்தான் பத்து நிமிடம் பார்த்தார். “இது உன் வேலை. மற்றதெல்லாம் யாரும் செய்யலாம்” என்றார். இடம் தரவில்லை. அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வா என்றார்.

வந்ததும் எட்டு வேலைகளைக் கழித்துவிட்டேன். மிச்சம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் பென்சில் கிறுக்கலையும், பிழைத்துப்போனதையும் சேர்த்து வைக்கிறேன். பிறகு எனக்கென்று ஒரு அடையாளம், பெயரட்டை, வடிவமைப்பாளர்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் ஒரு பக்கம். நான் மலையகம் என்றதும் வகுப்பில் எல்லோரும் சொல்வது இரண்டு இலையும் ஒரு கொழுந்தும். அதை நான் வரைய மாட்டேன். அம்மா பறிக்கிற கொழுந்துக்கு ஒரு நாள்கூட அம்மாவின் பெயர் போட்டதில்லை. அதை என் அலங்காரத்துக்கு எடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் பெயரையே லோகோவாக்கினேன். ஆங்கிலத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று பின்பாதியை வெட்டிவிட்டு, முன்பாதியை மட்டும் அட்டையில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா மலையிலிருந்து வந்து படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

“என்ன, அரைப்பேர் போட்டிருக்க?”

கொழுந்து நிறை குறைந்த நாளில் கணக்கப்பிள்ளை போடுகிற அரைப்பேர், அரை நாள் சம்பளம். அந்த நாட்களில் அம்மா வீட்டுக்கு வந்து எப்படி அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று உனக்குத் தெரியும், நீயும் அதே லயத்தில் வளர்ந்தவள்தானே. அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நான் அன்றிரவே முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன். நீளம்தான். அட்டையின் அகலம் முழுவதும் வேண்டியிருந்தது.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். பெயருக்குக் கீழே ‘மும்மொழி எழுத்து வடிவமைப்பு’ என்று போட்டிருக்கிறேன். ஒற்று எங்காவது விட்டுப்போயிருக்கிறதா பார், தமிழ் சேரிடம் அடி வாங்காத ஒரே ஆள் நீதான். உங்கள் ஊர்க் கடைப் பலகைகள் நாலைந்தைப் படம் பிடித்தும் அனுப்பு. 20ஆம் திகதிக்குள் வேண்டும், 22 அன்று மறுபடி போகிறேன். சித்தியும் அடுத்த 500 லேபலுக்கு அவசரப்படுத்துகிறாள், இந்த முறை அச்சகத்துக்கு நானே கூடப் போகிறேன்.

உன்,
வெண்கட்டி