விருந்தினர் என்றால் வெறும் பெயரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய ஹிப்ஹாப் குழுவான ஹில்டாப் ஹூட்ஸின் 'டிரிங்கிங் ஃப்ரம் தி சன்' (2012) ஆல்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அதில் விருந்தினராகப் பாடிய வெளிக் கலைஞர்களை விற்பனைக்காகச் சேர்த்த பெயர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. இதை ஏற்க முடியவில்லை. அடிலெய்டு நகரைச் சேர்ந்த இந்தக் குழுவின் சஃபா, பிரஷர், டிஜே டெப்ரிஸ் மூவரும் 2006-லேயே 'தி ஹார்ட் ரோட்' ஆல்பத்தால் ஆஸ்திரேலியாவின் விற்பனைத் தரவரிசையான ஏரியா பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள். ஆஸ்திரேலிய ஹிப்ஹாப் ஆல்பம் ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. கடன் வாங்கிய பெயர்கள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. விருந்தினர்களில் ஒருவரான பாடகி சியா அடிலெய்டுக்காரரே.

ராப்பில் விருந்தினருக்குக் கிடைக்கும் இடம் சிறியது. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் 16 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) ஓடி முடிய சுமார் 43 விநாடிதான். அதற்குள் அந்தக் குரல் பாட்டோடு ஒட்ட வேண்டும். இந்த ஆல்பத்தில் பாடிய, ஜுராசிக் 5 குழுவின் சாலி டூனாவுக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கட்டைக்குரல். 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் பேஸ் என்னும் தாழ்ந்த இசை நிறைந்திருந்தால் சொற்கள் அதில் அமுங்கிப்போகும். குரலின் ஒலியளவைக் கூட்டினால் இது தீராது. அவர் பாடும் பார்களில் பேஸைக் குறைத்து எழுத வேண்டும். இன்னொரு விருந்தினரான, தி ரூட்ஸ் குழுவின் பிளாக் தாட்டுக்குச் சிக்கல் வேறு. அவர் அசைகளை நெருக்கி அடுக்குபவர். டிரம்மின் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டும் அதே அடர்த்தியில் ஓடினால் இரண்டும் மோதும்.

விருந்தினர் வேறு நாட்டில் இருந்து பதிவுசெய்தால் கோளாறுகள் இன்னும் கூடும். பீட்டை, அதாவது பின்னணி இசையை, எம்பி3 கோப்பாக அனுப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த வடிவம் கோப்பின் தொடக்கத்தில் 25 மில்லிவிநாடி அளவுக்கு மௌனத்தைச் சேர்க்கக்கூடும். மென்பொருள் அதைச் சரிசெய்யாவிட்டால், திரும்பி வரும் குரல் டிரம்முக்குப் பின்னால் இழுபடும். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் (சாம்பிள் ரேட்) பதிந்ததை மாற்றாமல் 44.1-இல் ஓடவிட்டால் அந்த 43 விநாடி 46 ஆக நீண்டு, சுருதியும் இறங்கிவிடும். அதனால் சுருக்கப்படாத 24 பிட் வேவ் கோப்பு, பாட்டின் வேகத்தின் எண், பாட்டுக்கு முன்னால் இரண்டு பார் தாள எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். முதன்மைக் குரல், அதையே மீண்டும் பாடிய இரட்டிப்பு, இடையிடையே சேர்க்கும் ஆட்-லிப் மூன்றும் தனித்தனி டிராக்காக, எக்கோ எதுவும் இல்லாமல், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து திரும்ப வர வேண்டும். எக்கோவோடு வந்த குரலிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

பணக்கணக்கைக் கட்டுரை தொடவே இல்லை. தன் வரிகளைத் தானே எழுதும் விருந்தினர் அந்தப் பாட்டின் இணை ஆசிரியர். ஆஸ்திரேலியாவில் பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஏப்ரா ஆம்கோஸ் அமைப்பில் பாட்டைப் பதியும்போது எழுதியவர்களின் பங்குகள் சேர்ந்து 100 சதவீதமாக வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடாவிட்டால், தகராறு தீரும்வரை ராயல்டி நின்றுபோகலாம். ஒலிப்பதிவின் உரிமை இதிலிருந்து தனி. அதற்கான ஒப்பந்தமும் தனியாக வேண்டும்.

இனி இத்தகைய ஆல்பங்களைப் பற்றி எழுதும்போது எந்தப் பாட்டில் எந்த விருந்தினர், பீட் யாருடையது, மிக்ஸிங் யார் என்பதையும் கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தியாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்