தாத்தாவின் தேக்குப் பெட்டி

ஏற்காடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழையில் நாலு நாள் கரண்ட் இல்லை, காப்பித் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் வேலி மேல் சாய்ந்துவிட்டது, அதெல்லாம் ஒரு பக்கம். நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வாய்க்கு வந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. சேலம் போய் தெரிந்த வக்கீலிடம் உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தைப் பிரித்து வரி வரியாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

பரண்மேல் கிடைத்த தாத்தாவின் தேக்குப் பெட்டியைப் பற்றிப் போன கடிதத்தில் சொன்னேன் அல்லவா. துரை காலத்தில் தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது ‘ட்வெல்வ் போர்’ வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டாவைக் கையாலேயே அடைத்த சாமான்கள். தோட்டாவின் வாயை மடக்கும் பித்தளைக் கருவி, வெடிமருந்து அளக்கும் சின்னக் குப்பி, பித்தளைக் கூடுகள் ஒரு இருபது, துருப்பிடித்த டப்பாவில் கேப் (அடி விழுந்ததும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அடியில் மருந்து உள்ள ஒரு தகர டப்பா. அதை அப்படியே எடுத்து வை, பிப்ரவரியில் வரும்போது ஓஹியோவுக்குக் கொண்டுபோகிறேன், பதிலுக்கு உனக்குத் தோட்டா அடைக்கும் புது பிரஸ் இயந்திரம் ஒன்றும் நூறு கேப்பும் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் ஆசை எனக்குப் புரிகிறது. பத்து வயதில் அந்தப் பரண் ஏணியில் நாம் இரண்டு பேரும்தானே தொங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் கொண்டுவரவும் கூடாது, கொண்டுபோகவும் கூடாது மாப்ளே.

நீ அங்கே கராஜில் உட்கார்ந்து சனிக்கிழமை முழுக்க தோட்டா அடைக்கிறாய். சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்திய அரசு அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை, அது பொழுதுபோக்கு. இங்கே அதே வேலைக்கு 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் வேறு பெயர், உற்பத்தி. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது, அதனால் தோட்டாவும் அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தப்பு, அது தனி லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத உற்பத்திக்குக் குறைந்தபட்சமே ஏழு வருடம், ஆயுள் வரைக்கும் போகலாம். வக்கீல் இதைப் படித்துக்காட்டியபோது நான் இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னேன்.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது சட்டத்தின் ஆரம்பத்திலேயே வரும் ஒரு விளக்கம். ‘அம்யூனிஷன்’ என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்கிற இயந்திரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அதாவது நீ பரிசாகக் கொண்டுவருகிறேன் என்ற அந்த பிரஸ், அதில் ஒரு பொட்டு மருந்து இல்லாவிட்டாலும், இங்கே இறங்கினால் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். பத்தாவது பிரிவின்படி கடல், தரை, வானம் எந்த வழியிலும் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அதில் சில விலக்குகள் இருக்கின்றன, இங்கே சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவு எடுத்துப் போவது மாதிரி. உன்னிடம் இந்திய லைசென்ஸ் இல்லை. ஆகவே அந்தக் கதவு உனக்கு இல்லை.

நாற்பத்தைந்தாவது பிரிவில் ஒரு சின்னச் சலுகை உண்டு. மற்ற பாகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சில்லறைப் பாகங்களை வைத்திருப்பதற்கு விலக்கு. ஒரு வெற்றுக் கூட்டை ஞாபகத்துக்கு ஷோகேஸில் வைப்பது வேறு. கூடு, கேப், மருந்து, மடக்கும் கருவி நாலும் ஒரே பெட்டியில் இருந்தால் எண்ணம் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

விமானத்து விஷயம் தனி. பெட்டியில் போட்டு அனுப்பும் லக்கேஜில், அனுமதியோடு, முழுத் தோட்டா ஒரு ஆளுக்கு 5 கிலோ வரை என்பது சர்வதேச விதி. அதை வைத்துத்தான் நீ கணக்குப் போட்டிருப்பாய். உதிரி மருந்தும் தனிக் கேப்பும் அதில் சேராது, எந்தப் பெட்டியிலும் ஏற்றக்கூடாது. தபாலில் அனுப்பலாமா என்று நினைக்காதே, உங்கள் ஊர் தபால் துறையே தோட்டாவை வாங்காது.

உலகம் முழுக்க உங்கள் ஊர் மாதிரி என்றும் இல்லை. அண்ணன் மகன் ஜெர்மனியில் கிளப்பில் சுடுகிறான். அங்கே வீட்டில் தோட்டா அடைக்க வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, வெடிபொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் கேப் வாங்கவே துப்பாக்கிச் சான்றிதழைக் காட்ட வேண்டும், கரிமருந்துக்குப் போலீஸிடம் தனிச் சான்று. அப்புறம், சுடும் பயிற்சி ரேஞ்சில் கூட வருபவர்கள் காசு கொடுத்து உன்னிடம் அடைத்துத் தரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதில் கவனமாக இரு. விற்பனைக்கு என்று செய்ய ஆரம்பித்தால் உங்கள் ஊரிலும் உற்பத்தியாளர்தான், டைப் 06 லைசென்ஸ் வேண்டும். தங்கச்சியிடமும் இதைச் சொல், அவள் பேச்சைத்தான் நீ கேட்பாய்.

சரி, பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பாய். அப்பா போனதும் அவர் துப்பாக்கியை சேலத்தில் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். வைத்திருக்கும் உரிமை முடிந்தால் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனிலோ கடையிலோ கொடுக்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவு இருக்கிறது. பெட்டி அப்போது கண்ணில் படவில்லை. கண்ணில் பட்ட பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், நல்ல மனிதர், மரவள்ளியை ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி உழுதுவிட்டதாம், வந்து கண்கலங்கிப் பேசினார். மருந்துதான் இருக்கிறதே, நாலு தோட்டா அடைத்துக் கொடுங்கள் என்றார். என்னால் உடனே முடியாது என்று சொல்ல முடியவில்லை. அவர் நஷ்டம் உண்மை. பன்றியும் வன உயிரினச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் சுட்டால் அவர் தனியாக மாட்டுவார். அந்தத் தகர டப்பாவில் இருப்பது கரிமருந்தா, புகையில்லா மருந்தா என்று யாருக்கும் தெரியாது. கரிமருந்தின் அளவில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடித்துக் கண் போகும். தப்பித் தவறி அந்த மருந்து அவுட்டுக்காயில், அதுதான் பன்றி கடித்தால் வெடிக்கும்படி தீனிக்குள் வைக்கும் வெடியில், போய்ச் சேர்ந்தால்? வாய் கிழிந்து சாகிற மாட்டை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை வனத்துறைக்கு நஷ்ட ஈட்டு மனு எழுதக் கூடவே போனேன். என்னால் முடிந்தது அதுதான்.

மனுவைக் கொடுத்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, பழைய கேப்பை வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கினால் என்ன ஆகும் என்று பயம். எழுதிக் கொடுத்து, அவர்களே வந்து பார்த்து, கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி எடுத்துப் போனார்கள். வெறும் தேக்குப் பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே இன்னும் கந்தக வாசனை. வெயிலில் இரண்டு நாள் வைத்தும் போகவில்லை.

ஒன்றே ஒன்று உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையில் துணி அடைத்து வராதே. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், வெளிநாட்டிலிருந்து வந்தவன், பையின் உள்மடிப்பில் ஒரே ஒரு தோட்டா இருந்தது அவனுக்கே தெரியாது. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் பிடித்து வழக்கு. ‘வைத்திருப்பது’ என்றால் தெரிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது, இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தும் இருக்கின்றன, அவன் வழக்கும் கடைசியில் ரத்தானது. ஆனால் அதற்குள் பாஸ்போர்ட் முடங்கி, வேலை போய், அவன் அம்மா பாதி ஆகிவிட்டார்.

புதுப் பை ஒன்று வாங்கி அதில் வா. பிப்ரவரிக்குள் காப்பிப் பழம் பறித்து முடிந்திருக்கும், நான் வெறுமனேதான் இருப்பேன். சேலம் ஜங்ஷனுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். பெட்டி உனக்குத்தான், எடுத்துப் போ.

உன்,
பரண் ஏணிக் கூட்டாளி